சொன்னவர் யார், கேட்டவர் யார்: அமானுஷ்ய நூல்கள் சிலவற்றைப் பற்றி

பேய், ஆவி, இரத்தக்காட்டேரி ஆகியவற்றைப் பற்றி நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தடித்த கலைக்களஞ்சியம் ஒன்றோ, நூறு திகில் கதைகள் என்ற வகைத் தொகுப்போதான் கையில் கிடைக்கிறது. நானும் அத்தகைய தொகுப்பு ஒன்றில்தான் தொடங்கினேன். அதில் எல்லா நாட்டுப் பேய்களும் அகர வரிசையில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி விளக்கமும் பயங்கரமான ஓவியமும் இருந்தன. அந்தக் கதையை முதலில் சொன்னவர் யார், எந்த இரவில், யாருக்காக, என்ன நேர்ந்த பிறகு சொன்னார் என்ற செய்தி மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. புத்தகத்தை முடித்தபோது எனக்குப் பயமும் வரவில்லை, புதிதாக ஒன்றும் தெரியவும் இல்லை. அதன்பின் பல ஆண்டுகளாக இந்தத் துறையில் படித்து வருகிறேன். சொன்னவரின் குரலும் கேட்டவரின் முகமும் தெரிகிற நூல்களே இதில் நிலைத்து நிற்கின்றன என்பது என் அனுபவம். கீழே வரும் நூல்களை அந்த அளவுகோலை வைத்தே மதிப்பிட்டிருக்கிறேன். இவற்றில் சில கதைகள், சில ஆய்வுகள். இரண்டையும் கலந்து படிப்பதையே நான் விரும்புகிறேன்.

இரத்தக்காட்டேரிகளில் தொடங்குகிறேன். அங்கே படிக்க வேண்டிய முதல் நூல் ஒரு நாவல் அன்று. பால் பார்பர் எழுதி 1988-இல் யேல் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'வாம்பயர்ஸ், பரியல் அண்ட் டெத்' என்ற ஆய்வு நூல் அது. ஆஸ்திரிய ஆட்சியின்கீழ் இருந்த செர்பியக் கிராமமான கிசிலோவாவில் 1725-இல் நடந்த நிகழ்ச்சி இந்த நூலின் தொடக்கத்திலேயே வருகிறது. பீட்டர் பிளோகோயோவிட்ஸ் என்ற குடியானவர் இறந்து ஏறத்தாழ பத்து வாரங்களுக்குப் பிறகு, எட்டு நாட்களுக்குள் ஒன்பது பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். பிளோகோயோவிட்ஸ் உறக்கத்தில் வந்து தங்கள் கழுத்தை நெரித்ததாக அவர்கள் சாகும் தறுவாயில் சொன்னார்கள். கிராமத்தார் கல்லறையைத் தோண்ட முடிவு செய்தபோது, மேலிடத்து அனுமதி வரும்வரை பொறுத்திருங்கள் என்று அரசு அதிகாரி சொல்லிப் பார்த்தார், அவர்கள் கேட்கவில்லை. வேறு வழியின்றி உடன் சென்ற அந்த அதிகாரி தாம் கண்டதை அறிக்கையாக எழுதினார். உடல் அழுகவில்லை, முடியும் தாடியும் வளர்ந்திருந்தன, பழைய நகங்கள் உதிர்ந்து புதியவை தோன்றியிருந்தன, வெளிறிய பழைய தோல் உரிந்து அடியில் புதிய தோல் தெரிந்தது, வாயில் இரத்தம் இருந்தது. கூரிய கழியை நெஞ்சில் இறக்கினார்கள், பின்னர் உடலை எரித்தார்கள்.

இந்த அறிக்கையை மூடநம்பிக்கை என்று பார்பர் தள்ளிவிடுவதில்லை. தடயவியல் மருத்துவத்தின் துணையோடு அதை ஒவ்வொரு வரியாகப் படித்து, அந்த மக்கள் கண்டது அனைத்தும் உண்மையே என்று நிறுவுகிறார். புதைக்கப்பட்ட உடல்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. குளிரும் மண்ணின் தன்மையும் ஆழமும் சிதைவைத் தள்ளிப்போடும். உள்ளே உருவாகும் வாயுக்கள் வயிற்றை உப்ப வைப்பதால் மெலிந்து இறந்தவர்கூடக் கொழுத்தவர்போலத் தோன்றுவார்; அதே அழுத்தம் கருஞ்சிவப்பான நீர்மத்தை வாய்க்கும் மூக்குக்கும் தள்ளும். மேல்தோல் கழன்று விழும்போது அடித்தோல் புதிதுபோல் தெரியும். நகம் உதிர்ந்த இடத்தில் நகப்படுகை தெரியும்; அதைத்தான் புதிய நகம் என்று நினைத்தார்கள். தோல் சுருங்குவதால் முடியும் தாடியும் நீண்டவைபோலக் காட்சி தரும். அதே செர்பியப் பகுதியில், 1732-இல் படை மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் எழுதிய அறிக்கையில் வரும் அர்னோல்ட் பாவ்லேயின் உடல், கழி இறங்கியபோது வாய்விட்டு முனகியதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அழுத்தத்தால் வெளியேறும் வாயு குரல்வளையைக் கடக்கும்போது அப்படி ஓர் ஒலி எழக்கூடும் என்கிறார் பார்பர். பார்த்தது சரி, அதற்குச் சொன்ன காரணம் மட்டுமே தவறு என்ற இந்த நிலைப்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எழுத்தறிவற்ற குடியானவர்களை இவ்வளவு மரியாதையோடு நடத்தும் ஆய்வு நூல்கள் குறைவு.

குறைகளும் உண்டு. ஒரே விளக்கம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்ப வருகிறது. பிணத்தின் சிதைவைப் பற்றிய வர்ணனைகள் இளகிய மனம் கொண்டவர்களால் தாங்க முடியாதவை. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. உடலுக்கு என்ன ஆகிறது என்பதை இவ்வளவு நுட்பமாகச் சொல்லும் நூல், எட்டு நாட்களில் ஒன்பது பேரைப் பறிகொடுத்த ஊரின் மனநிலைக்குள் அதிகம் செல்வதில்லை. கொள்ளைநோய் வரும்போது, கண்ணுக்குத் தெரியாத காரணத்துக்கு ஒரு முகமும் பெயரும் தேவைப்படுகிறது என்பதை ஆசிரியர் அறிந்தே இருக்கிறார். ஆனாலும் விரைவாகக் கடந்து விடுகிறார். இதற்குப் பிறகும் அந்த நூலையே முதலில் வைக்கிறேன். ஏனென்றால் அதைப் படித்தவர்கள் எந்த இரத்தக்காட்டேரி நாவலையும் வேறு கண்களோடு படிப்பார்கள். நாட்டார் நம்பிக்கையில் வரும் காட்டேரி சிவந்த முகமும் உப்பிய வயிறும் கொண்ட கிராமத்தான்; வெளிறிய முகமும் பிரபு வம்சத்து நடையும் உள்ள காட்டேரி இலக்கியத்தில் பிறந்தவன். அந்த இரண்டாமவனை ஆங்கில உரைநடையில் நிலைநிறுத்தியவர் ஜான் பாலிடோரி என்ற இளம் மருத்துவர். 1816-ஆம் ஆண்டின் கோடையில் ஜெனீவா ஏரிக்கரை மாளிகையில் கவிஞர் பைரனும் நண்பர்களும் பேய்க்கதைப் போட்டி வைத்துக்கொண்டபோது அவரும் அங்கே இருந்தார். முந்தைய ஆண்டு தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக அந்தக் கோடை முழுவதும் குளிரும் மழையுமாக இருந்தது. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் முளைவிட்டதும் அந்த நாட்களில்தான். பாலிடோரியின் 'தி வாம்பயர்' 1819-இல் பைரனின் பெயரில் தவறாக வெளியானது. வரலாற்று ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் அதைப் படித்தால் போதும்; கதை என்ற அளவில் அது வற்றிப்போய்விட்டது.

வற்றாத கதை ஷெரிடன் லெ ஃபனுவின் 'கார்மில்லா'. 1872-இல் 'இன் எ கிளாஸ் டார்க்லி' என்ற தொகுப்பில் இடம்பெற்ற இந்தக் குறுநாவலை ஒரே அமர்வில் படித்துவிடலாம். ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதியில், காட்டுக்கு நடுவே உள்ள கோட்டையில் தந்தையோடு தனித்து வாழும் லாரா என்ற பெண்ணின் வாய்மொழியாகக் கதை நகர்கிறது. வண்டி கவிழ்ந்து, தாயால் அங்கே விட்டுச் செல்லப்படும் அழகிய பெண்ணே கார்மில்லா. லாரா அவளை அஞ்சுகிறாள், விரும்புகிறாள்; இரண்டையும் பிரித்தறிய அவளுக்கே தெரிவதில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும் நடுங்கும் கையோடுதான் எழுதுகிறேன் என்று அவள் சொல்கிறாள். அவள் இந்த விவரங்களை எழுதி அனுப்பிய பிறகு, பதிப்பிக்கப்படுவதற்கு முன்பே இறந்துவிட்டாள் என்ற செய்தி முன்னுரையில் ஒரு வரியாக வருகிறது. முதல் வாசிப்பில் கண்ணில் படாமல் போகும் அந்த வரி, கதையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது நெஞ்சில் கனக்கிறது. குரலுக்கு உரியவள் போய்விட்டாள், குரல் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வெளியானது 1897-இல். திரைப்படங்கள் வழியாக மட்டுமே அதை அறிந்தவர்கள் மூல நாவலைக் கட்டாயம் படிக்க வேண்டும். அவர்களுக்குச் சில வியப்புகள் காத்திருக்கின்றன. நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். சூரிய ஒளி பட்டால் காட்டேரி அழிந்துவிடும் என்ற எண்ணம் 1922-இல் வெளிவந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மானிய மௌனப் படத்தினால் பரவியது. ஸ்டோக்கர் திரான்சில்வேனியாவுக்குச் சென்றதே இல்லை. விட்பி என்ற கடற்கரை ஊரின் நூலகத்தில் 1890-இல் கிடைத்த ஒரு பழைய நூலிலிருந்து டிராகுலா என்ற பெயரைக் குறிப்பெடுத்துக்கொண்டார். கதை முழுவதும் நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், நாளிதழ் நறுக்குகள், ஃபோனோகிராஃப் உருளையில் பேசிப் பதிந்த மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றால் ஆனது. இவை அனைத்தையும் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்துகிறவள் கதையின் நாயகி மீனா. எல்லாம் முடிந்த பிறகு அவர்கள் கையில் மிஞ்சுவது தட்டச்சுத் தாள்களின் குவியல் மட்டுமே, மூல ஆவணம் என்று காட்டுவதற்கு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை என்று இறுதிக் குறிப்பு ஒப்புக்கொள்கிறது. முதல் நான்கு அத்தியாயங்களில் வரும் கோட்டை நாட்குறிப்புக்கு ஈடாகப் பின்னால் எதுவும் இல்லை என்பதையும், நடுப்பகுதி ஆலோசனைக் கூட்டங்களால் தளர்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சுருக்கப்பட்ட பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை ஆவண வடிவத்தைக் களைந்து நேரடிக் கதையாக மாற்றிவிடுவதால், நாவலின் உயிரே போய்விடுகிறது.

மான்டேக் சம்மர்ஸ் 1928-இலும் 1929-இலும் வெளியிட்ட இரண்டு காட்டேரி நூல்களும் இன்றுவரை மறுபதிப்பு காண்கின்றன. அவர் திரட்டியிருக்கும் தகவல்கள் ஏராளம். அவற்றை எடைபோட்டுப் பார்க்கும் பொறுமை அவரிடம் இல்லை. காட்டேரிகள் உண்டு என்று அவரே நம்பினார். தொடக்க வாசகர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து, ஆங்கிலத்தில் ஃபேரி என்று சொல்லப்படும் இனம். இதைத் தமிழில் தேவதை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல்லால் வரும் குழப்பம் சிறிதன்று. தேவதை என்றதும் வெள்ளை உடையும் சிறகும் வரம் தரும் கையும் மனத்தில் தோன்றுகின்றன. ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்கள் அஞ்சிய ஃபேரிகளோ மனிதர் அளவில் இருப்பவர்கள், நிலத்துக்கு அடியில் வாழ்பவர்கள், கோபம் வந்தால் கால்நடைகளை நோயில் வீழ்த்துபவர்கள், குழந்தைகளையும் இளம் தாய்மார்களையும் கவர்ந்துசென்று பதிலுக்கு உருமாற்றிய ஒன்றை விட்டுவிடுபவர்கள். அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கவே மக்கள் தயங்கினார்கள். நல்லவர்கள், அமைதியானவர்கள் என்று முகமன் சொல்லிக் கடந்தார்கள். இந்த வேறுபாடு மனத்தில் பதியாமல் எந்த ஃபேரி நூலையும் திறப்பதில் பயனில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரையில் ஃபேரி என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

அபர்ஃபாயில் என்ற ஸ்காட்லாந்து ஊரின் திருச்சபைப் போதகரான ராபர்ட் கிர்க் 1690-களின் தொடக்கத்தில் எழுதிய 'தி சீக்ரெட் காமன்வெல்த்' இந்தத் துறையின் மிக விசித்திரமான நூல். மனிதருக்கும் வானதூதருக்கும் இடைப்பட்ட இயல்பினர், இறுகிய மேகம் போன்ற உடல் கொண்டவர்கள், அந்தி வேளையில்தான் நன்றாகத் தெரிபவர்கள் என்று அவர்களைப் பற்றி, அண்டை நாட்டு மக்களைப் பற்றி எழுதுவதுபோல நிதானமாக எழுதுகிறார் கிர்க். இரண்டாம் பார்வை எனப்படும், பிறர் கண்ணுக்குத் தெரியாதவற்றைக் காணும் ஆற்றல் கொண்டவர்களிடம் அவர் கேட்டறிந்த செய்திகளே நூலின் அடிப்படை. ஆவியுலகம் உண்டு என்று நிறுவினால் நாத்திகத்தை மறுக்க முடியும் என்பது அவருடைய எண்ணம். போதகர் ஒருவர் இந்த நூலை ஏன் எழுதினார் என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. 1692-இல் அவர் இறந்ததும், உண்மையில் இறக்கவில்லை, ஃபேரிகளே அவரைக் கொண்டுசென்றுவிட்டார்கள் என்று ஊரில் கதை பரவியது. நூல் 1815-இல்தான் முதன்முறையாக அச்சேறியது. பழைய ஆங்கிலம் கடினமானது என்றாலும் நூல் சிறியது. மெதுவாகப் படித்தால் பிடிபடும்.

கிர்க்கைப் படிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய துணைநூல் கேத்தரின் பிரிக்ஸின் 'எ டிக்‌ஷனரி ஆஃப் ஃபேரீஸ்'. 1976-இல் வெளிவந்த இதுவும் அகர வரிசை நூல்தான். தொடக்கத்தில் நான் குறை சொன்ன தொகுப்புகளின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆயினும் பிரிக்ஸ் ஒவ்வொரு பதிவிலும் அந்தக் கதை எந்த ஏட்டிலிருந்து வந்தது, எந்தப் பகுதியில் வழங்கியது என்று குறிப்பிடுகிறார். பல இடங்களில் கதையைச் சுருக்காமல் முழுவதுமாகவே தருகிறார். அகர வரிசை ஒரு குற்றமன்று, வேரை வெட்டி எடுப்பதே குற்றம் என்பதை இந்த நூலில்தான் உணர்ந்தேன். பிரித்தானியத் தீவுகளுக்கு அப்பால் அவர் செல்வதில்லை. அந்த எல்லைக்குள் அவரை நம்பலாம்.

இந்தப் பட்டியலிலேயே என்னை மிகவும் உலுக்கிய நூல் ஆஞ்செலா பர்க் 1999-இல் வெளியிட்ட 'தி பர்னிங் ஆஃப் பிரிஜெட் கிளியரி'. அயர்லாந்தின் திப்பெரேரி மாவட்டத்தில் பாலிவாட்லி என்ற சிற்றூரில், 1895 மார்ச் மாதத்தில், இருபத்தாறு வயதான பிரிஜெட் கிளியரி தன் வீட்டு அடுப்பங்கரையில் எரிக்கப்பட்டாள். அவள் தையல் தொழில் செய்தவள். கோழி வளர்த்து முட்டை விற்றுச் சொந்த வருமானம் ஈட்டியவள். கணவன் மைக்கேல் மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளி. அவள் நோயில் படுத்தபோது, படுக்கையில் கிடப்பது தன் மனைவி அல்ல, ஃபேரிகள் அவளைக் கொண்டுசென்று வேறொன்றை விட்டிருக்கிறார்கள் என்று அவன் சொல்லத் தொடங்கினான். மூலிகையைப் பாலில் கலந்து வலுக்கட்டாயமாகப் புகட்டினார்கள். நீ பிரிஜெட் போலண்ட்தானா (அது அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர்), மைக்கேல் கிளியரியின் மனைவிதானா என்று கடவுளின் பெயரால் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த அறையில் இருந்தவர்கள் அயலார் அல்லர். அவளுடைய தந்தை, அத்தை முறையுடையவர், உடன்பிறந்தார் முறையுடையவர்கள். அவள் இறந்த பிறகும் மைக்கேல் இரவில் ஃபேரிகளின் கோட்டை எனப்பட்ட மண்மேட்டுக்குச் சென்று, உண்மையான பிரிஜெட் வெள்ளைக் குதிரையில் வருவாள், அவளைப் பிணைத்த கட்டுகளை அறுத்து மீட்டுவிடலாம் என்று காத்திருந்தான். ஒரு வாரத்துக்குப் பின் ஆழமற்ற குழியில் அவளுடைய எரிந்த உடலைக் காவல்துறை கண்டெடுத்தது. நீதிமன்றம் மைக்கேலுக்கு இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது; பதினைந்து ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு 1910-இல் விடுதலையானான்.

இதை ஒரு கொடூரக் குற்றக் கதையாக எழுதி விற்றிருக்கலாம். பர்க் அப்படிச் செய்யவில்லை. ஐரிஷ் மொழியிலும் வாய்மொழி மரபிலும் ஆழ்ந்த புலமை கொண்ட அவர், ஃபேரிக் கதை என்பது அந்தச் சமூகத்தில் என்ன வேலை செய்தது என்று கேட்கிறார். நேரடியாகப் பேச முடியாதவற்றை, அதாவது குழந்தையில்லாத தம்பதியரின் மனக்கசப்பு, சொந்தமாகச் சம்பாதிக்கும் மனைவியைப் பற்றிய முணுமுணுப்பு, நீடிக்கும் நோய், ஊருக்குள் தனித்துத் தெரிகிறவர்கள்மீது எழும் ஐயம் ஆகியவற்றை மறைமுகமாகப் பேசுவதற்கு அந்தக் கதைகள் மொழியாக இருந்தன என்று காட்டுகிறார். பெரும்பாலும் அந்த மொழி சண்டையைத் தணித்தது. முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழிவிட்டது. இந்த ஒரு வீட்டில் அது சொல்லுக்குச் சொல் உண்மையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கலாமா என்று நாடே விவாதித்துக்கொண்டிருந்த காலம் அது. இப்படிப்பட்ட காட்டுமிராண்டிகளுக்கு ஆட்சியா என்று சில நாளிதழ்கள் எழுதின. அந்த அரசியலையும் விடாமல் பதிவு செய்திருக்கிறார். வழக்கு விசாரணைப் பகுதி சற்று நீளமானது, பெயர்களும் உறவுகளும் முதலில் குழப்பும். ஆகவே உறவு முறைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. அமானுஷ்ய நம்பிக்கைகளை வெறும் பொழுதுபோக்காகக் காண்கிறவர்கள் இந்த ஒரு நூலையாவது படிக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆர்தர் கானன் டாயில் 1922-இல் எழுதிய 'தி கமிங் ஆஃப் தி ஃபேரீஸ்' வேறு வகையில் மனத்தைத் தொடுகிறது. காட்டிங்லி என்ற இங்கிலாந்துச் சிற்றூரில் எல்சி, ஃபிரான்சஸ் என்ற இரு சிறுமியர் 1917-இலும் 1920-இலும் எடுத்த ஐந்து நிழற்படங்களை உண்மை என்று வாதிடும் நூல் அது. அட்டையில் வரைந்து வெட்டிய உருவங்களைத் தொப்பி ஊசியால் நிறுத்திவைத்ததாக 1983-இல், முதுமையில், இருவரும் ஒப்புக்கொண்டார்கள்; ஐந்தாவது படம் மட்டும் உண்மை என்று ஃபிரான்சஸ் விடாமல் சொன்னார். நூலை நகைப்பதற்காகப் படிக்காதீர்கள். முதல் உலகப்போரின் இறுதியில் மகனை இழந்த ஒருவர், காணாத உலகம் ஒன்று உண்டு என்பதற்குச் சான்று தேடி எழுதியது அது.

ஆவிகளின் பக்கம் வந்தால், ஆய்வு நூல்களில் கீத் தாமஸ் 1971-இல் வெளியிட்ட 'ரிலிஜன் அண்ட் தி டிக்லைன் ஆஃப் மேஜிக்' என்ற பெருநூலில் ஆவிகளுக்கும் ஃபேரிகளுக்கும் ஒதுக்கப்பட்ட அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். இறந்தவர்களின் ஆன்மா தூய்மை பெறும் இடைநிலை உலகம் ஒன்று உண்டு என்ற கோட்பாட்டைப் பதினாறாம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டுகள் எனப்படும் சீர்திருத்தத் திருச்சபையினர் கைவிட்டபோது, ஆவிகள் வந்துபோக இடமே இல்லாமல் போயிற்று. இருந்தும் மக்கள் ஆவிகளைக் கண்டுகொண்டே இருந்தார்கள் என்ற முரண்பாட்டிலிருந்து அந்த அத்தியாயம் விரிகிறது. கொலையை வெளிப்படுத்த, மறைந்த உயிலைக் காட்ட, மீறப்பட்ட வாக்கை நினைவூட்ட என்று அந்நாளைய ஆவிகளுக்கு ஒரு காரியம் இருந்தது. காரணமின்றி வந்து மிரட்டும் ஆவி பிற்காலத்தது.

அந்தப் பிற்கால ஆவியைக் கதையில் வளர்த்தெடுத்தவர்களில் எம்.ஆர். ஜேம்ஸுக்கு இணையானவர் இல்லை என்பது என் துணிபு. கேம்பிரிட்ஜில் பழஞ்சுவடிகளை ஆராய்ந்த அறிஞர் அவர். 1893-இல் நண்பர்களின் இலக்கியக் குழு ஒன்றில் தம் முதல் பேய்க்கதைகளைப் படித்துக்காட்டினார். பின்னர் கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் படித்துக்காட்டவென்றே கதைகள் எழுதினார். 1904-இல் வந்த 'கோஸ்ட் ஸ்டோரீஸ் ஆஃப் ஆன் ஆன்டிகுவரி' அவருடைய முதல் தொகுப்பு. கேட்பவர்கள் எதிரே இருக்கிறார்கள் என்ற உணர்வு ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரிகிறது. எங்கே நிறுத்த வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஒரு கதையில், ஆவிகளை அறவே நம்பாத பேராசிரியர் ஒருவர் கடற்கரையில் இடிந்த கட்டடத்தின் நடுவே வெண்கல ஊதல் ஒன்றைக் கண்டெடுத்து ஊதிப் பார்க்கிறார். அவர் தங்கியிருக்கும் விடுதி அறையில் இரண்டு படுக்கைகள். ஒன்றில் அவர் உறங்குகிறார், மற்றது யாரும் படுக்காதது. காலையில் அந்தப் படுக்கையும் கலைந்து கிடக்கிறது. இதற்கு மேல் நான் சொல்லக்கூடாது. பெண்பாத்திரங்கள் அவருடைய கதைகளில் மிகக் குறைவு, மனித உறவுகளில் அவருக்கு அக்கறை இல்லை என்ற விமர்சனம் நியாயமானதே. எனினும் அச்சம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், மூன்று பக்கத்தில் அவர் சாதிப்பதைப் பலரால் முந்நூறு பக்கத்தில் சாதிக்க முடிவதில்லை. இக்கதைகளைக் கண்ணால் படிப்பதைவிட, ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் கேட்பதே சிறந்தது.

ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்குரூ' 1898-இல் வெளியானது. தனித்த மாளிகையில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை காணும் உருவங்கள் உண்மையில் ஆவிகளா, அவளுடைய மனத்தின் தோற்றங்களா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. நான் எந்தப் பக்கமும் சாய மாட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்படி எழுதியிருப்பதுதான் அதன் பலம். நீண்டு சுற்றும் வாக்கியங்களால் முதல் இருபது பக்கம் சோதிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்', 1959-இல் வந்தது, அதே ஐயத்தை எளிய மொழியில், எங்கும் ஒட்டாமல் தனித்துப்போன ஒரு பெண்ணின் துயரமாக மாற்றியிருக்கிறது. கடினமான நடைக்குத் தயங்குகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

கிழக்கே செல்ல விரும்புகிறவர்களுக்கு இரண்டு நூல்கள். சீன எழுத்தாளர் பூ சோங்லிங் பதினேழாம் நூற்றாண்டில் எழுதத் தொடங்கிய ஏறத்தாழ ஐந்நூறு கதைகள், அவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1766-இல்தான் அச்சாயின. நரிகள் பெண்ணுருவில் வந்து அறிஞர்களைக் காதலிக்கும் கதைகள் அவற்றில் புகழ் பெற்றவை. கதையின் முடிவில் விசித்திரங்களின் வரலாற்றாசிரியர் என்ற பெயரில் அவரே தோன்றித் தம் கருத்தைச் சொல்வார். 1880-இல் ஹெர்பர்ட் ஜைல்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு காமம் தொடர்பான பகுதிகளை நீக்கியது என்பதால், 2006-இல் ஜான் மின்ஃபோர்ட் மொழிபெயர்த்த 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் ஃப்ரம் எ சைனீஸ் ஸ்டுடியோ' என்ற 104 கதைகளின் தொகுப்பையே நான் பரிந்துரைக்கிறேன்.

மற்றது ஜப்பானில் குடியேறிய மேலைநாட்டு எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் எழுதி, அவர் இறந்த ஆண்டான 1904-இல் வெளிவந்த 'குவைதான்'. ஜப்பானிய ஆவிக் கதைகளின் சிறு தொகுப்பு; பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் 'கார்மில்லா', 'டிராகுலா' ஆகியவற்றைப் போலவே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறுதியில் உள்ள பூச்சிகளைப் பற்றிய கட்டுரைகளை அவசரத்தில் விட்டுவிடலாம், கதைகளில் ஒன்றையும் விடக்கூடாது. பெரும்பாலான கதைகள் பழைய ஜப்பானிய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்றும், பனிப்பெண்ணின் கதை ஒரு குடியானவர் சொன்னது என்றும் முன்னுரை கூறுகிறது. முன்னுரையில் இல்லாத செய்தியை அவருடைய மனைவி செட்சுகோ பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் காணலாம். பழைய புத்தகக் கடைகளில் தேடிக் கதைகளைக் கொண்டுவந்தவர் செட்சுகோ. இரவில் விளக்குத் திரியைத் தாழ்த்திவிட்டு அவர் சொல்ல, ஹெர்ன் மூச்சை அடக்கிக் கேட்பார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கக்கூடாது, உன் சொற்களில், உன் எண்ணமாகவே சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. ஆகவே 'குவைதான்' கையில் எடுக்கிறவர்கள் செட்சுகோவின் சிறு நூலையும் தேடிச் சேர்த்துப் படியுங்கள். இறந்த வீரர்களின் ஆவிகளுக்கு முன் பாடும் கண் தெரியாத பாடகன் ஹோய்ச்சியின் கதையை ஹெர்ன் எழுதிக்கொண்டிருந்த நாட்களைப் பற்றி அதில் ஒரு குறிப்பு வருகிறது. ஒருநாள் இருட்டிய பிறகும் ஹெர்ன் விளக்கை ஏற்றாமல் அமர்ந்திருந்தார். பக்கத்து அறையிலிருந்து செட்சுகோ தாழ்ந்த குரலில், "ஹோய்ச்சி, ஹோய்ச்சி" என்று அழைத்தார். நான் கண் தெரியாதவன், நீங்கள் யார் என்று இருளுக்குள்ளிருந்து பதில் வந்தது. பிறகு ஹெர்ன் எதுவும் பேசவில்லை.